ரொட்டிக்கும் பங்காளிகள் வேண்டும்



காலை ஐந்தரை மணி. கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் சமையலறை விளக்கு எரிகிறது. ஆறரைக்குள் பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறியாக வேண்டும். அம்மாவை ஏற்றிச் செல்ல ஏழு மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்து வந்துவிடும். தோசை சுட நேரமில்லை. ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, நான்கு துண்டுகளில் காயாவைத் தடவி, மீதியை அப்பாவின் மேசைமேல் வைத்துவிட்டால் காலை உணவு முடிந்தது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் துறைமுகம் வரை ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே காட்சிதான்.

அரிசிக்கும் மீனுக்கும் கணக்குப் பார்க்கும் குடும்பம்கூட ரொட்டிக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. மூன்று வெள்ளிதானே என்று விட்டுவிடுகிறது. நாளைக்கு ஒரு பொட்டலம் என்றால் மாதம் 90 வெள்ளி. பிள்ளைகள் இருவர் பள்ளி நாட்களில் ஆளுக்கொரு பன் வாங்கினால் அதற்கு இன்னொரு 60 வெள்ளி. ஆக, 150 வெள்ளி சத்தமில்லாமல் போய்விடுகிறது. 2025-ஆம் ஆண்டில் பள்ளித் தொடக்க உதவியாக ஒரு மாணவருக்கு அரசாங்கம் கொடுத்த தொகையும் இதே 150 வெள்ளிதான் என்பதை எண்ணிப் பார்த்தால், இது சிறிய தொகை அல்ல என்பது புரியும்.

வீட்டிலேயே ரொட்டி சுட்டால் இந்தப் பணம் மிஞ்சுமா? மிஞ்சும். ஆனால் எல்லா வீட்டிலும் மிஞ்சாது, எப்படிச் சுட்டாலும் மிஞ்சாது. எங்கே மிஞ்சும், எங்கே மிஞ்சாது என்பதைப் பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

ரொட்டியும் பாணும்

ரொட்டி தமிழர்களுக்குப் புதிய உணவல்ல. போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல்லான 'பாண்' இலங்கைத் தமிழர்களின் நாவில் இன்றும் இருக்கிறது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க வந்து, பிரிக்பீல்ட்ஸில் குடியேறி, ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பிய யாழ்ப்பாணக் குடும்பங்கள் அந்தச் சொல்லையும் உடன் கொண்டுவந்தன. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு அதுவே 'ரொட்டி' ஆயிற்று. பருப்புக் கறியில் தோய்த்துச் சாப்பிடும் பெங்காலி ரொட்டியும், மோட்டார் சைக்கிளின் பின்னால் பொட்டலங்கள் தொங்க ஹாரன் அடித்து வரும் ரொட்டிக்காரரும் மலேசியத் தமிழர் பலரின் பிள்ளைப்பருவ நினைவுகள்.

அந்தப் பெங்காலி ரொட்டிக்கு வங்காளத்தோடு தொடர்பில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் நடத்திய ஒரு ரொட்டிச்சாலையில் வேலை செய்தவர்களே பங்குதாரர்களாகவும் இருந்தார்களாம். 'பங்காளி' ரொட்டி என்ற பெயர்தான் மலாய் நாவில் மருவி 'பெங்காலி' ஆயிற்று என்று சொல்லப்படுகிறது. இந்தப் 'பங்காளி' என்ற சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அது மீண்டும் வரும்.

விலைக்கு வேலி எங்கே இருக்கிறது?

மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. தேவையான கோதுமை ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்து, கிள்ளான் துறைமுகம், லூமுட் போன்ற இடங்களிலுள்ள ஆலைகளில் மாவாகிறது. அதனால் உலகின் எந்த மூலையில் இடி விழுந்தாலும் இங்கே ரொட்டி நடுங்கும். 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டது. அடுத்த மாதமே உலகச் சந்தையில் கோதுமை விலை இதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. இலங்கையில் அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பாண் வாங்குவதே பெரும்பாடாகிப் போனது.

மலேசியக் குடும்பங்கள் பலவும் கவனிக்காத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண ஒரு கிலோ கோதுமை மாவுப் பொட்டலத்தின் விலை அரசாங்கக் கட்டுப்பாட்டில் உள்ளது. அதன் விலை 1 வெள்ளி 35 காசு. ரொட்டிக்கடைகளும் உணவகங்களும் வாங்கும் 25 கிலோ மூட்டைக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையை அரசாங்கம் 2016 மார்ச்சில் நிறுத்திவிட்டது. ஆகவே விலைக்கு வேலி போட்டிருப்பது ஒரு கிலோ மாவுப் பொட்டலத்துக்குத்தான், பொட்டலத்தில் வரும் ரொட்டிக்கு அல்ல.

கடை ரொட்டி வாங்குபவர் மாவுக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. இயந்திரத்துக்கும், நெகிழி உறைக்கும், விளம்பரத்துக்கும், விடியற்காலையில் கடை கடையாக ஓடும் லாரிக்கும், விற்காமல் திரும்பும் ரொட்டிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். இவற்றில் எதுவும் அநியாயம் அல்ல. ஆனால் மாவிலும் சர்க்கரையிலும் சமையல் எண்ணெயிலும் மக்களுக்கென்று உள்ள சலுகை, வீட்டில் சுடுபவருக்குத்தான் நேரடியாகக் கிடைக்கிறது.

ஒரு ரொட்டியின் அடக்க விலை

இப்போது கணக்குக்கு வருவோம். 450 கிராம் அளவில் இரண்டு ரொட்டிகளுக்கு 600 கிராம் மாவு வேண்டும். கட்டுப்பாட்டு விலையில் அது 81 காசு. ஈஸ்ட் 11 கிராம் பொட்டலத்தில் பாதி, ஏறக்குறைய 60 காசு. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் சேர்ந்து 15 காசுக்குள் அடங்கும். சிறிய மின்சார அடுப்பு சூடாகி, இரண்டு ரொட்டிகளும் வேக ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம், அதிகம் போனால் அரை வெள்ளி. மொத்தம் இரண்டு வெள்ளி. ஆக, ஒரு ரொட்டியின் அடக்கம் ஏறக்குறைய ஒரு வெள்ளிதான். கடையில் அதே அளவு ரொட்டி மூன்று, மூன்றரை வெள்ளி.

ஆனால் இந்தக் கணக்கு எளிதில் கெட்டுப்போகும். காணொளியைப் பார்த்து, ரொட்டிக்கென்றே விற்கும் உயர்ரக மாவை வாங்கினால், கிலோ நான்கு, ஐந்து வெள்ளி ஆகும். உடனே ஒரு ரொட்டியின் அடக்கம் இரண்டு வெள்ளியைத் தொடும். அதில் வெண்ணெயும் பாலும் முட்டையும் சேர்த்தால் கடை ரொட்டியின் விலையே வந்துவிடும். ருசிக்காக அப்படிச் சுடுவதில் தவறில்லை. அதைச் சிக்கனம் என்று நினைத்து ஏமாறத்தான் கூடாது.

அடுப்பு வாங்கும் செலவையும் மறக்கலாகாது. 200 வெள்ளி கொடுத்து ஒரு மேசை அடுப்பு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரொட்டியில் இரண்டு வெள்ளி மிஞ்சினால், நூறு ரொட்டி சுட்ட பிறகுதான் அடுப்பின் விலை திரும்பும். வாரம் நான்கு ரொட்டி என்றால் ஏறக்குறைய ஆறு மாதம். இரண்டு வாரம் ஆசையாகச் சுட்டுவிட்டு அடுப்பை அலமாரியின் மேல் ஏற்றி வைக்கும் வீட்டில் மிச்சம் ஏது? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, உலகின் பல நகரங்களைப் போல இங்கும் வீட்டு ரொட்டி ஒரு மோகமாகப் பரவியது. அந்த மோகத்தில் வாங்கிய அடுப்புகளில் எத்தனை இன்றும் சூடாகின்றன என்று அந்தந்த வீடுகளே சொல்ல வேண்டும்.

ரொட்டியைவிடப் பன்னில்தான் மிச்சம் அதிகம். 600 கிராம் மாவைப் பிசைந்தால் பதினாறு பன் வரும். நேற்று மீந்த உருளைக்கிழங்கு மசாலாவையோ, சாடின் சம்பலையோ, தேங்காய்ப் பூவும் குலா மலாக்காவும் சேர்த்த பூரணத்தையோ உள்ளே வைத்துச் சுட்டால் ஒன்று 50 காசுக்குள் முடியும். வெளியே அது ஒன்றரை, இரண்டு வெள்ளி. பிள்ளைகள் இருவருக்குப் பள்ளி நாட்களில் பன் கட்டிக் கொடுத்தாலே மாதம் 40 வெள்ளி மிஞ்சும். வாரம் நான்கு ரொட்டி சுட்டால் மாதம் 34 வெள்ளி. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 800 வெள்ளிக்கு மேல். அடுப்பின் விலையைக் கழித்தாலும் முதல் ஆண்டிலேயே பிள்ளைகளின் சீருடையும் காலணியும் புத்தகப் பையும் அதில் வந்துவிடும்.

இட்லி மாவு தெரிந்த கை

ரொட்டி சுடுவது பெரிய வித்தை என்று பலர் பயப்படுகிறார்கள். தமிழ்ப் பெண்கள் பயப்பட இதில் எதுவுமே இல்லை. இரவில் இட்லி மாவைக் கரைத்து வைத்து, காலையில் அது பொங்கியிருப்பதைப் பார்த்து, மோந்து பார்த்தே புளிப்பின் அளவைச் சொல்லும் கைகள் அவை. கள் ஊற்றி ஆப்ப மாவைப் புளிக்க வைத்த சமூகம் இது. கோவாவில் ரொட்டி மாவையே கள் கொண்டுதான் பொங்க வைத்தார்கள். உளுந்து மாவில் நடப்பதைப் போலவே கோதுமை மாவிலும் நொதித்தல் நடக்கிறது. ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று வாயுவை வெளிவிடுகிறது. பிசையும்போது மாவில் உண்டாகும் இழுபசை அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரொட்டி உப்புவது அதனால்தான்.

இன்றைய ஆலை ரொட்டிக்கு வழிகாட்டியது 1961-இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் என்ற ஊரில் இருந்த ஆய்வுக்கூடம். மாவை அதிவேக இயந்திரத்தில் சில நிமிடங்கள் அடித்து, கொழுப்பும் கூடுதல் ஈஸ்டும் சேர்த்தால் பல மணி நேரப் புளிப்பு தேவையில்லை என்று அங்கே கண்டார்கள். வீட்டில் அந்த இயந்திரம் இல்லை. ஆனால் வீட்டில் இரவு என்று ஒன்று இருக்கிறது. 2006-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜிம் லேஹி என்ற ரொட்டிக்காரர் பிசையாமலே ரொட்டி செய்யும் முறையைப் பத்திரிகை வழியாகப் பரப்பினார். மாவைக் கலந்து இரவு முழுதும் விட்டால், கை செய்ய வேண்டிய வேலையை நேரமே செய்துவிடுகிறது என்பதுதான் அதன் சூட்சுமம். இட்லிக்கு மாவு கரைத்து வைக்கும் எந்தப் பாட்டியிடம் சொன்னாலும் "இது தெரியாதா?" என்று சிரித்துவிடுவார்.

கோலாலம்பூர் வெப்பத்தில் ஒரு மாற்றம் மட்டும் வேண்டும். குளிர் நாட்டுக் குறிப்பில் இரண்டு மணி நேரம் என்றிருந்தால் இங்கே ஒரு மணி நேரத்திற்குள் மாவு பொங்கிவிடும். இரவு முழுதும் வெளியே வைத்தால் புளித்து, சாராய வாடை அடித்து, அடுப்பில் அமுங்கிப் போகும். ஆகவே இரவு உணவுக்குப் பின் 600 கிராம் மாவில் ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, எண்ணெய் சேர்த்து, 360 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பிசைந்து, மூடி போட்ட பெரிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் மாலை வெளியே எடுத்து, இரண்டாகப் பிரித்து, எண்ணெய் தடவிய தட்டில் வைத்து, இரு மடங்காகும் வரை பொறுத்திருக்க வேண்டும். விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாக எழ வேண்டும். அதுதான் பதம். 190 பாகை சூட்டில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம் போதும். ரொட்டியைத் திருப்பி அடியில் தட்டினால் வெற்றொலி கேட்க வேண்டும். முழுதாக ஆறிய பிறகே அறுக்க வேண்டும். சாதாரண மாவு என்பதால் கடை ரொட்டி போல உயரமாக எழாது. அது குறையல்ல.

அடுப்பு வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் வழி உண்டு. மலாய்க்காரர்கள் குவே பஹுலு சுடும்போது அச்சின் மேலும் கீழும் தணல் இடுவார்கள். அதே யோசனைதான். அடி கனமான பாத்திரத்தில் ஒரு வளையத்தை வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, மாவுத் தட்டை உள்ளே இறக்கி, சிறு தீயில் நாற்பது நிமிடம் வேக வைத்து, கடைசியில் திருப்பிப் போட்டு மேற்புறத்தைச் சிவக்க வைக்கலாம். 14 கிலோ எரிவாயுத் தோம்பின் கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி 60 காசு. ஒரு ரொட்டிக்கு ஆகும் வாயு 20 காசைத் தாண்டாது. முதல் முயற்சிக்கு இதுவே நல்லது. இரண்டு மாதம் விடாமல் சுட்ட பிறகு அடுப்பைப் பற்றி யோசிக்கலாம்.

வீணானால் எல்லாம் போச்சு

வீட்டு ரொட்டியில் பூஞ்சைத் தடுப்பு மருந்து இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் மூன்றாம் நாள் பச்சை பூத்துவிடும். இரண்டு ரொட்டி சுட்டால் ஒன்றை அன்றே துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். வேண்டும்போது இரண்டிரண்டு துண்டாக எடுத்து வாட்டிக்கொள்ளலாம். காய்ந்த துண்டுகளை வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து உப்புமாவாக்கலாம். சுட்ட ரொட்டியில் பாதியைக் குப்பையில் போடும் வீடு, கடையில் வாங்கி முழுதும் சாப்பிடும் வீட்டைவிட எதையும் பெரிதாகச் சேமித்துவிடவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளை மாவு வீட்டில் வெந்தாலும் வெள்ளை மாவுதான். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம் என்பது தெரிந்த செய்தி. சர்க்கரை உள்ளவர் இருக்கும் வீட்டில் பாதிக்குப் பாதி ஆட்டா மாவு சேர்ப்பது நல்லது. துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் ஆட்டா இல்லாத மளிகைக் கடை ஏது? செலவு சற்றுக் கூடும், ரொட்டி சற்று இறுகும். ஆனால் என்ன சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது என்பது சுடுபவரின் கையில் இருக்கும்.

யார் பிசைவது?

எல்லாக் கணக்கும் போட்டாயிற்று. ஒரு செலவு மட்டும் பட்டியலில் ஏறவில்லை. அது உழைப்பு. பிசைய, உருட்ட, அடுப்பைப் பார்க்க, பாத்திரம் கழுவ, ஒரு தடவைக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம் கை வேலை. வாரம் இரண்டு தடவை. கூலிக் கணக்கில் பார்த்தால் மிஞ்சும் வெள்ளி அதற்கு ஈடாகாது.

இந்த நாற்பது நிமிடம் யாருடையது? பெரும்பாலான வீடுகளில் கேள்வியே எழுவதில்லை. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சமைத்து, துணி மடித்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்த அம்மாவின் தலையில்தான் அது விழும். "கடை ரொட்டி வேண்டாம், நீ சுட்டதுதான் நல்லா இருக்கு" என்ற பாராட்டே அவருக்கு இன்னொரு சுமையாகிவிடும். மூன்றாம் வாரம் மாவுப் பொட்டலம் பிரிக்காமலே கிடக்கும். நாலாம் வாரம் அதில் வண்டு விழும். வீட்டு ரொட்டி நின்றுபோவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஒருவர் உழைக்க, ஐவர் சேமிப்பதுதான் காரணம்.

இங்கேதான் அந்தப் பழைய சொல் திரும்பி வருகிறது. ரொட்டிச்சாலைகளில் மாவு பிசைந்தவர்கள் ஆண்கள். தோள் வலிக்கப் பிசைந்து, நள்ளிரவில் அடுப்பு மூட்டி, விடியுமுன் ரொட்டியோடு தெருவில் இறங்கியவர்களும் ஆண்களே. ஆகவே மாவு பிசைவது பெண்ணின் வேலை என்று எந்தச் சாத்திரமும் இல்லை. சனிக்கிழமை இரவு அப்பா பிசையட்டும். பத்து வயதுப் பிள்ளை மாவை நிறுத்து, தண்ணீரை அளந்து கொடுக்கட்டும். கணக்குப் பாடத்துக்கும் அது உதவும். பாட்டி பதம் பார்க்கட்டும். மூத்த மகன் பாத்திரம் கழுவட்டும். அம்மா அன்று உட்கார்ந்து தேநீர் குடிக்கட்டும்.

வாரத்துக்கு ஒரு பொட்டலம் ரொட்டி மட்டும் வாங்கும் வீடு இந்த வேலையில் இறங்க வேண்டியதில்லை. அவர்கள் கடையில் வாங்குவதே சிக்கனம். நாள்தோறும் ரொட்டியும் பன்னும் தீரும் வீட்டுக்கு, சாதாரண மாவில், இரண்டிரண்டாக, வீணாக்காமல் சுட்டால் மாதம் எழுபது வெள்ளி மிஞ்சும். அந்த எழுபது வெள்ளியை எங்கே போடுவது என்பதையும் பிசைந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். உழைத்தவருக்குப் பங்கு இருந்தால்தான் அடுத்த வாரமும் மாவு பிசையப்படும். பினாங்கு ரொட்டிச்சாலையின் பங்காளிக் கதை வீட்டுச் சமையலறைக்கும் பொருந்தும்.